கேள்வி டியூட்டி

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பிதான். இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தானின் இடுப்பு எலும்பு சேர்ந்துவிட்டதா? படியில் வழுக்கி விழுந்த மனிதர் இப்போதே எழுந்து நடக்கப் பார்க்கிறார் என்று எழுதியிருந்தாய். கட்டிலோடு கட்டிப் போடு, தப்பில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் எடை மேடையில் லாரிச் சத்தத்துக்கு நடுவில் நீ "என்னது, என்னது" என்பாய், நான் கத்துவேன், பக்கத்து வீட்டில் ஏதோ சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

வண்டி தயார். பழைய ரொட்டி வேன் ஒன்று கைக்கு வந்தது. இரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த பயணம் இந்த விடுமுறையில் நடக்கப்போகிறது. பின்னால் மடக்கும் பலகை, அதுதான் கட்டில். கட்டிலுக்கடியில் தண்ணீர்க் கேன்கள். கூரைமேல் கூடாரம், ஏறுவதற்கு ஏணி. இன்னும் உள்ளே ரொட்டி வாசனை போகவில்லை. வாலு மூக்கை நீட்டிக்கொண்டு பலகை பலகையாக முகர்ந்து பார்க்கிறான். ஐந்து வயசில் அவனுக்கு வேறென்ன வேலை.

பதினொரு நாள், கடைசியில் கடல். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். இருட்டில் ஓட்டுவது கிடையாது. எங்கள் வீட்டு நர்ஸம்மாவும் நானும் மாறி மாறி ஓட்டுவோம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே ஆள் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு டியூட்டி உண்டு.

எடை விஷயத்தில் நீதான் கை கொடுக்க வேண்டும். ஊர் லாரியெல்லாம் எடை போடுகிறவள், தம்பி வண்டியையும் போடு.

உன் தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். அத்தான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போய் வருகிறார். போகும்போது திட்டுகிறார், வரும்போதும் திட்டுகிறார். அதனால் உடம்பு தேறுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அவரை விட்டுவிட்டு நான் வாசல் தாண்டுவது வேலைக்கு மட்டும்தான்.

உன் கடிதத்தை மேடைக் கேபினில் உட்கார்ந்து படித்தேன். கல் லாரி ஒன்று மேடைமேல் நிற்கிறது, நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். டிரைவர் கண்ணாடியைத் தட்டி, "என்னம்மா, சீட்டுக் குடுப்பீங்களா, இல்ல இங்கேயே குடித்தனம் பண்ணட்டுமா?" என்றார்.

சந்தோஷம்தான். ஆனால் எனக்குப் பயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியாததா? தினம் அறுபது எழுபது வண்டி என் கண்முன்னால் ஏறி இறங்குகிறது. அளவுக்கு மேல் ஏற்றிய வண்டி பிரேக் பிடித்தால் நிற்காது. கூரைமேல் பாரம் ஏற ஏற வளைவில் சாயும். நீ கூரைமேல் கூடாரத்தை வைத்திருக்கிறாய், கேனை வைக்காமல் இருந்தாயே, அதுவரைக்கும் நல்லது.

என்னென்ன ஏற்றுகிறாய் என்று ஒன்று விடாமல் எழுது. ஆள் எடையும் சேர்த்து. உன் வேன் எவ்வளவு தாங்கும் என்று கதவுக்குப் பக்கத்தில் தகடு இருக்கும், அதையும் பார்த்து எழுது.

இன்னொன்று. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்குப் பரீட்சை சமயத்தில் வண்டியைப் பூசி மெழுக எங்கிருந்து நேரம் வந்தது? லீவா? நர்ஸம்மா எப்படி இருக்கிறாள்? அவள் ஒரு வரி எழுதக் கூடாதா?

அக்கா


பிப்ரவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். லீவுதான், ஆமாம். நீளமான லீவு.

தகட்டில் 2,800 கிலோ என்று இருக்கிறது. பலகை, கூடாரம், டீசல் நிறைந்த டேங்க் எல்லாம் சேர்ந்து சும்மா நிற்கும் வண்டி 2,240. அதற்கு மேல் தண்ணீர் எண்பது, அடுப்பும் சிலிண்டரும் இருபது, சாப்பாட்டுச் சாமானும் பாத்திரமும் ஐம்பது, ஸ்டெப்னியும் டூல்ஸும் அறுபது, படுக்கை துணிமணி அறுபது. ஆள் கணக்கு: நான் எண்பது, நர்ஸம்மா அறுபது, பெரியவள் அமுக்குணி முப்பது, வாலு இருபது. மொத்தம் 2,700. நூறு கிலோ கையில் இருக்கிறது. எப்படி?

டியூட்டி சொல்கிறேன் கேள். வாலுவுக்குக் கட்டை டியூட்டி. வண்டி நின்றதும் குதித்து, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். வைத்துவிட்டு விசில் ஊத வேண்டும். விசில் ஊதுவதற்காகவே பையன் இப்போது வீட்டில் நாற்காலிக்கெல்லாம் கட்டை வைக்கிறான்.

அமுக்குணிக்குக் கேள்வி டியூட்டி. முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி ஓடும்போது என்னை ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. "தண்டவாளத்துக்கு நடுவுல கல்லு எதுக்கு?" "மாட்டுக்கு மேல் பல்லு உண்டா?" இந்த மாதிரி. நேற்று மட்டும் நாற்பது கேட்டிருக்கிறாள். எனக்கே இப்போது பொது அறிவு கூடிவிட்டது.

ஒவ்வொரு இரவும் தங்கும் இடம் குறித்தாகிவிட்டது. மூன்றாம் நாள்தான் கொஞ்சம் கடினம்; நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் நேர் ரோடு, நடுவில் கடையும் இல்லை, ஊரும் இல்லை. மற்றபடி பயமில்லை.

உன் தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. அத்தான் வாக்கரைத் தூக்கி எறிந்துவிட்டுக் கம்புக்கு மாறியிருக்கிறார். எனக்கு முழங்கால் வலி பழகிவிட்டது.

கணக்கு சரிதான், காகிதத்தில். என் மேடையில் காகிதக் கணக்கோடு வருகிற வண்டி ஒன்றுகூட அந்த எடையில் நின்றதில்லை. எல்லாச் சாமானும் ஏற்றி, எல்லோரும் அவரவர் சீட்டில் உட்கார்ந்து, உன் ஊரில் இருக்கும் எடை மேடையில் வண்டியை நிறுத்திச் சீட்டு வாங்கு. அதை எனக்கு அனுப்பு. பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

அந்தக் கேள்வி டியூட்டிதான் எனக்கு ஒத்துவரவில்லை. நம் அமுக்குணியா கேள்வி கேட்கிறாள்? ஒன்பது வயசுப் பெண், கேட்டால்தான் வாயைத் திறப்பாள், அதற்கும் பாதிப் பதில்தான் வரும். போன தடவை இங்கே வந்தபோது இரண்டு நாளில் என்னிடம் நாலு வார்த்தை பேசினாள். வாலுவோ தூக்கத்திலும் வாய் மூடாதவன். டியூட்டியை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டாமா?

லாரியில் கிளீனரை எதற்கு வைக்கிறார்கள் தெரியுமா? டயரைத் தட்டிப் பார்க்க மட்டுமல்ல. போன வாரம் இரும்பு ஏற்றி வந்த வயசான டிரைவர் ஒருவர் சொன்னார், "பக்கத்துல பேச்சு ஓடிக்கிட்டே இருக்கணும்மா. வளைவு ரோட்டுல பயமில்ல, கை வேலை செய்யும். நேர் ரோடுதான் ஆளைத் தின்னும்." உன் மூன்றாம் நாள் ரோடு ஞாபகம் வந்தது.

நீ நன்றாகத் தூங்குகிறாயா? மறைக்காமல் சொல்.

நர்ஸம்மா நலமா என்று கேட்டிருந்தேன்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். எட்டு மணி நேரம் தூங்குகிறேன். குறட்டைக்குச் சாட்சி உண்டு.

நீ கேட்டபடி எடைச் சீட்டு இத்துடன். எல்லாச் சாமானும் ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்து போட்டது. அப்படியே ஏரிக்கரைக்குப் போய் ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கி ஒத்திகையும் பார்த்துவிட்டோம். வாலு கட்டை வைத்தான், விசில் ஊதினான், ஏரியில் இருந்த வாத்து அத்தனையும் பறந்தது. நான் அடுப்பைப் பற்றவைத்து முட்டை வேகவைத்தேன். பிள்ளைகள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

டியூட்டியை ஏன் மாற்றவில்லை என்றால், வாலு கேட்பான், ஆனால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டான். அடுத்ததுக்குத் தாவிவிடுவான். அமுக்குணி அப்படியில்லை. பதில் வரும்வரை காத்திருப்பாள். அதுதான் வேண்டும்.

உன் தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

சீட்டு வந்தது. 2,640.

நீ எழுதிய கணக்கு 2,700. அறுபது கிலோ குறைகிறது. என் தொழிலில் வண்டி கூடுதலாக வந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. குறைந்து வந்தால் எதையோ நடுவழியில் இறக்கிவிட்டு வந்திருக்கிறான் என்று பொருள். தண்ணீரை ஊற்றாமல் விட்டாயா என்று பார்த்தேன், ஏரிக்கரையில் எண்பது லிட்டரில் எவ்வளவு செலவானது என்று சீட்டின் பின்பக்கம் நீயே குறித்திருக்கிறாய். உன் பட்டியலை வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். அறுபது என்று எழுதியிருப்பது மூன்று. ஒன்று ஸ்டெப்னியும் டூல்ஸும். அது இல்லாமல் நீ தெருமுனைகூடத் தாண்ட மாட்டாய். இன்னொன்று படுக்கை, கூடாரத்தில் தூங்கியிருக்கிறீர்கள். மூன்றாவது நர்ஸம்மா.

அவள் எங்கே?

மூன்று கடிதமும் மறுபடி எடுத்துப் படித்தேன். "எல்லோரும் சௌக்கியம்", "நாங்கள் நலம்", "நலமே விழைகிறேன்." அவளைப் பற்றி நான் இரண்டு தடவை கேட்டதற்கு ஒரு சொல் பதில் இல்லை. சண்டையா? வீட்டை விட்டுப் போய்விட்டாளா? உடம்புக்கு ஏதாவதா? அவள் வரவில்லை என்றால் மாறி மாறி ஓட்ட யார் இருக்கிறார்கள்? பதினொரு நாளும் நீ ஒருவனா?

நாலு தடவை போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. நீ எடுக்காத காரணம் எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்தே உனக்கு எழுத்தில் பொய் வரும், வாயில் வராது.

எனக்குப் பயமாக இருக்கிறதடா. எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. உடனே பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அத்தான் நடமாடுகிறார் என்று வாலுவிடம் நீ போனில் சொன்னாயாம், சந்தோஷம்.

நீ நினைக்கிற மாதிரி ஒன்றுமில்லை. ஜனவரியில் நர்ஸம்மாவை ஆறு மாதத்துக்குக் கடலோர ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். சண்டை கிண்டை கிடையாது, தினம் பிள்ளைகளோடு பேசுகிறாள். நாங்கள் அவளிடம்தான் போகிறோம். உன்னிடம் சொன்னால் தனியாகப் போகாதே என்பாய், அதனால் சொல்லவில்லை. அவளிடம் ரயிலில் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் டியூட்டி முடிந்து வெளியே வரும்போது வாசலில் ரொட்டி வேன் நிற்க வேண்டும், பிள்ளைகள் கூரையிலிருந்து ஏணியில் இறங்க வேண்டும். இரண்டு வருஷமாக நான் மனசில் ஓட்டிப் பார்த்த காட்சி அது ஒன்றுதான். அதைக் கெடுக்காதே. அவளிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் பண்ணு.

நான் இருபது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவன். என் கையில் ஒரு கோழிக்குஞ்சுகூட அடிபட்டதில்லை. உனக்குப் பயப்படுவதே தொழிலாகிவிட்டது.

மே பத்தாம் தேதி காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம்.

தம்பி


ஏப்ரல் 29

அன்புள்ள அத்தைக்கு,

நான் அமுக்குணி எழுதுகிறேன். நான் நலம். வாலுவுக்குச் சளி. மாமா நலமா, உங்கள் முழங்கால் நலமா?

அத்தை, எனக்குக் கேள்வி தீர்ந்துபோய்விட்டது. அதற்காகத்தான் எழுதுகிறேன். பாடப் புத்தகத்தில் இருந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். கேட்டதையே கேட்டால் அப்பா பழக்கத்தில் பதில் சொல்லிவிடுவார், அதனால் புதுசு வேண்டும். பதினொரு நாளுக்கு நிறைய வேண்டும். உங்கள் மேடைக்கு நிறைய டிரைவர்கள் வருவார்கள் இல்லையா, அவர்களிடம் கேட்டு அனுப்ப முடியுமா? எப்படியும் முன்னூறாவது வேண்டும்.

ஆமாம், இல்லை என்று பதில் வருகிற கேள்வி வேண்டாம். அப்பா "உம்" சொன்னால் பதிலா இல்லையா என்று தெரியாது.

நான் நோட்டில் நம்பர் போட்டு எழுதுகிறேன். பதில் வந்தால் டிக். வராவிட்டால் வட்டம். வட்டம் வந்தால் அப்பா கையைக் கிள்ள வேண்டும். அப்படித்தான் அப்பா சொல்லிக்கொடுத்தார். கிள்ளினால் அப்பா வந்துவிடுவார். "என்னடா கேட்ட?" என்பார். அப்பா தூங்குவதில்லை அத்தை. கண் திறந்துதான் இருக்கும். கை ஸ்டியரிங்கில்தான் இருக்கும். ஆனால் அப்பா அங்கே இருக்க மாட்டார்.

இது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த டியூட்டி. அம்மாவிடம் சொன்னால் பயணம் நின்றுவிடும், வாலு அழுவான். நீங்கள் அம்மா இல்லை, அதனால் உங்களிடம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. வண்டி ஓடும்போது நான் தண்ணீர் குடிப்பதில்லை, குடிக்கும்போது கேட்க முடியாதே.

சீக்கிரம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அமுக்குணி


மே 7

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மகள் என்னிடம் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறாள். கேள்வி டியூட்டி என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வயசுக் குழந்தையை நீ கிளீனராக வைத்திருக்கிறாய். தூக்கத்துக்கு அல்ல, அதைவிட மோசமான ஒன்றுக்கு. உனக்கு ஏதோ ஆகிறது, அது உனக்கே தெரியும், தெரிந்துதான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாய். நேற்று மத்தியானம் அந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து மேடையில் என்ன ஏறுகிறது, என்ன இறங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு சீட்டில் தப்பான எடை எழுதிவிட்டேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவை.

உனக்கு நேற்றிலிருந்து முப்பது தடவை போன் போட்டிருப்பேன். பிறகு நர்ஸம்மாவுக்குப் போட்டேன். சொல்லிவிடுவது என்றுதான் போட்டேன். அவள் எடுத்ததும், "அண்ணி, நல்லா இருக்கீங்களா? பிள்ளைங்களுக்கு ரயில் டிக்கெட் எடுத்தாச்சா, உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" என்றாள். அவ்வளவு சந்தோஷமான குரல். என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "எடுத்தாச்சும்மா" என்றது. போனை வைத்துவிட்டு என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். நீ கெட்டது போதாதென்று என்னையும் கெடுத்துவிட்டாய்.

அத்தானைத் தனியே விட்டு வர முடிந்தால் இந்நேரம் உன் வாசலில் நின்று சாவியைப் பிடுங்கியிருப்பேன். தபாலை நம்பாமல் இந்தப் பக்கம் உப்பு ஏற்றிப் போகிற டிரைவரிடம் இரண்டு உறை கொடுத்து அனுப்புகிறேன். ஒன்பதாம் தேதி உன் ஊரைத் தாண்டுகிறார்.

போகாதே. வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த இரண்டு உயிரையும் வைத்துக்கொண்டு போகாதே.

அக்கா


மே 7

என் தங்கமான அமுக்குணிக்கு,

அத்தை முத்தம். மாமா கம்பு ஊன்றித் தெருவரை நடக்கிறார். என் முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது. வாலுவின் சளிக்கு வெந்நீர் குடிக்கச் சொல்.

நீ என்னிடம் சொன்னது ரொம்ப நல்லது. இதில் உன் தப்பு எதுவும் இல்லை. அப்பாவுக்கு உடம்பில் ஏதோ சரியில்லை, டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். கேள்வி கேட்டு அதைச் சரிபண்ண முடியாது.

நீ முன்னூறு கேட்டாய். முதலில் ஒன்றுகூட அனுப்பக் கூடாது என்றுதான் நினைத்தேன். பிறகு பயம் வந்துவிட்டது. நான் சொல்லியும் அப்பா கிளம்பிவிட்டால் நீ வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பாயே. அதனால் நேற்றும் இன்றும் மேடைக்கு வந்த ஒவ்வொரு டிரைவரிடமும் ஆளுக்கு நாலு வாங்கினேன். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. எல்லாம் உள்ளே தனித் தாளில் இருக்கிறது.

ஆனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் முதலில் கேட்க வேண்டும். வண்டி நகருவதற்கு முன்னால். கேட்டுவிட்டு நீ எப்போதும் போலக் காத்திரு. சரியான பதில் வரும்வரை வண்டி நகரக் கூடாது, அது அத்தை போட்ட சட்டம். உன் நோட்டில் வட்டம் எத்தனை என்று முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்.

கேள்வி இதுதான்: "அப்பா, நான் கேட்டு நீங்க பதில் சொல்லாத கேள்வி எத்தனை?"

உன் அத்தை


மே 10

அக்கா,

நாங்கள் மூன்று பேரும் வீட்டில் இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

உப்பு லாரிக்காரர் நேற்றுச் சாயங்காலம் இரண்டு உறையையும் கொடுத்தார். உன் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. பிரித்தால் கிளம்ப மாட்டேன் என்று தெரியும். அமுக்குணி உறையை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு எல்லாம் ஏற்றியாகிவிட்டது. எஞ்சினைப் போட்டேன். வாலு பின்னால் பெல்ட் மாட்டிக்கொண்டு விசிலோடு உட்கார்ந்திருக்கிறான். அவள் என் பக்கத்தில், மடியில் நோட்டு.

"அப்பா, முதல் கேள்வி."

"கேளு" என்று கியரைப் போடப் போனேன்.

"நான் கேட்டு நீங்க பதில் சொல்லாத கேள்வி எத்தனை?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒண்ணுமில்ல. எல்லாத்துக்கும் சொல்லிட்டேனே" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, ரெண்டு" என்றேன். கிள்ளி வலித்தது எனக்கு இரண்டு தடவைதான் ஞாபகம். அதற்கும் காத்திருந்தாள். நான்தானே சொல்லிக்கொடுத்தேன் காத்திருக்க.

"எனக்குத் தெரியலம்மா. நீயே சொல்லு" என்றேன்.

நோட்டைத் திருப்பி என் பக்கம் நீட்டினாள். "முப்பத்தொண்ணுப்பா."

பக்கம் பக்கமாக வட்டம். ஏரிக்கரைக்குப் போன வழியில் மட்டும் ஒன்பது. ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் கேள்வி எழுதியிருக்கிறது. படித்துப் பார்த்தேன். அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட என் காதில் விழுந்ததாக எனக்கு ஞாபகமில்லை அக்கா. 'பாலம்' என்று குறித்திருந்த ஒரு வட்டத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். அது என்ன என்று கேட்டேன்.

"அன்னிக்குக் கிள்ளியும் நீங்க வரல. எதிர்ல பஸ் வந்துச்சு. நான் பின்னால கைய நீட்டி வாலுவோட கைய புடிச்சுக்கிட்டேன். அப்புறம் நீங்களே வந்துட்டீங்க" என்றாள். அழவில்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

எஞ்சினை நிறுத்தினேன். சாவியை அவள்தான் திருகி எடுத்தாள்.

பிறகுதான் உன் கடிதத்தைப் படித்தேன். நர்ஸம்மாவுக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள் முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "பிள்ளைங்க ரெண்டு பேரையும் போன்ல குடுங்க" என்றாள். இன்று சாயங்காலம் ரயில் ஏறுகிறாள். திங்கட்கிழமை டாக்டர். அதுவரை வேன் வாசலில்தான் நிற்கும். வாலு ஒரு மணி நேரம் அழுதான். இப்போது அங்கேயே கூடாரத்தை விரித்துக்கொண்டு உள்ளே படுத்திருக்கிறான். அமுக்குணி அம்மாவிடம் போனில் இரண்டு வார்த்தை பேசியதோடு சரி. மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கப் போனவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுதியே பிரயோஜனமில்லை. எனக்கு லீவு இல்லை அக்கா. ஜனவரி கடைசியில் ஒரு நாள் காலை பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். ஆயா கத்திய பிறகுதான் நின்றேன். ஏதோ யோசனை என்று சொல்லிச் சமாளித்தேன். டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வரும்வரை வண்டியைத் தொடாதே என்று நிறுத்திவிட்டார்கள். நான் டாக்டரிடம் போகவில்லை. ஒரே ஒரு தடவைதானே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பள்ளிக்கூட வேனை மூன்று வருஷம் ஓட்டினேன். காலையும் மாலையும் பதினான்கு பிள்ளைகள். பின்னால் அவர்கள் பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

உன் தம்பி